வாலாஜா பள்ளியின் கல்லில் ஒரு கணக்கு

 

நம் பகுதியிலிருந்து திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிக்குப் பெருநாள் தொழுகைக்குச் செல்வோர் பலர். உளூச் செய்கிறோம், சஃப்பில் நிற்கிறோம், தொழுது முடித்து முஸாஃபஹா செய்து திரும்புகிறோம். அப்பள்ளியின் கல் நம்மிடம் ஒரு கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் நின்று கவனித்திருப்போம்?

ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தாரால் 1795ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட பள்ளி அது. மரமோ இரும்போ சேர்க்காமல் கருங்கல்லால் கட்டியதை அதன் தனிச்சிறப்பாகக் கூறுவர். அதைவிடப் பெரிய சிறப்பு உள்ளே இருக்கிறது. நவாபின் அந்தரங்கச் செயலாளராக விளங்கிய ராஜா மக்கன்லால் என்னும் இந்து அறிஞர் இயற்றிய ஆண்டுக் குறிப்பு அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆண்டைக் குறிக்க அவர் தேர்ந்த சொற்கள்: 'திக்ருல்லாஹி அக்பர்'.

அப்ஜத் முறையில் ஒவ்வோர் அரபி எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 'திக்ர்' என்பதில் புள்ளியுள்ள தால் 700, காஃப் 20, ரா 200, ஆக 920. 'அல்லாஹ்' 66. 'அக்பர்' என்பதில் அலிஃப் 1, காஃப் 20, பா 2, ரா 200, ஆக 223. மூன்றையும் கூட்டினால் 1209. அதுவே பள்ளி எழுந்த ஹிஜ்ரி ஆண்டு. வெறும் எண்ணாகவே வெட்டியிருக்கலாம். அவரோ, தொழுகையைப் பற்றிப் பேசும் அல்-அன்கபூத் சூராவின் 45ஆவது வசனத்தை நினைவூட்டும் சொற்களுக்குள் ஆண்டை வைத்தார். அல்லாஹ்வின் இல்லத்திற்கு இதைவிடப் பொருத்தமான ஆண்டுக் குறிப்பு நமக்குத் தெரிந்து இல்லை.

பார்சி ஓதுவது மத்ரஸாக்களில் அருகிவிட்டது. அப்ஜத் கணக்கை அறிந்தோரும் குறைந்துவிட்டனர். கல் அப்படியே இருக்கிறது. அதை ஓதத் தெரிந்தோர்தாம் இல்லாது போகின்றனர்.

பள்ளி என்றால் குப்பாவும் மினாராவும்தான் என்று நம் மக்கள் எண்ணிவிட்டனர். மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டிய பள்ளிக்குத் தூண் பேரீச்ச மரம், கூரை அதன் ஓலை. குழிவான மிஹ்ராப் பின்னர், உமய்யாக்கள் காலத்தில் வந்தது. நம் கீழக்கரை ஜும்ஆப் பள்ளியைப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சிற்பிகள் தாம் அறிந்த மண்டப முறையிலேயே கல் தூண்களை நிறுத்திப் போதிகைகளை அமைத்தனர். உருவங்களை மட்டும் விலக்கிப் பூவையும் கொடியையும் செதுக்கினர். அருகில் அடங்கியிருக்கும் வள்ளல் சீதக்காதியின் காலத்து மக்களுக்கு அது வேற்றார் கட்டடமாகத் தோன்றவில்லை. வாலாஜா பள்ளியோ மொகலாயச் சாயல் கொண்டது. இரண்டும் அல்லாஹ்வின் இல்லங்களே. கட்டியவர்கள் யார், எந்த மண்ணில் வாழ்ந்தார்கள் என்பதையே அவ்வடிவங்கள் சொல்கின்றன.

வாலாஜா பள்ளி வளாகத்தில் பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலீ (ரஹ்) அடங்கியுள்ளார்கள். தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் மைந்தர். லக்னோவிலிருந்து வந்து மதராஸில் பாடம் நடத்தி 1810இல் மறைந்தவர்கள். அத்திட்டத்தில் ஓதிய எங்களைப் போன்றோருக்கு அது உஸ்தாதுகளின் உஸ்தாது உறங்கும் இடம். 1972இல் மறைந்த காயிதே மில்லத் அவர்களும் அங்கேயே அடங்கியுள்ளார்கள். ரமளானில் அப்பள்ளி நோன்பாளிகளுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த சிந்தி இந்துச் சகோதரர்கள் பல்லாண்டுகளாக இஃப்தார் உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறி வருவதை அறியாதார் இல்லை. மக்கன்லால் எழுதிய வரியைப் படித்த பிறகு அக்காட்சி நமக்குப் புதிதாகத் தோன்றுவதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. இடநெருக்கடியால் ஊர்தோறும் பழைய பள்ளிகள் இடிக்கப்பட்டுக் கான்கிரீட் பள்ளிகள் எழுகின்றன. விரிவாக்கம் தேவையே, மழையில் தெருவில் நின்று தொழுவோரை நாமும் பார்க்கிறோம். ஆனால் இடிக்கும் நாளில் ஆண்டுக் கல் ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விடுகிறது. இல்லையேல் டைல்ஸுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. நம் பள்ளியின் விரிவாக்கமும் நிர்வாகக் குழுவின் ஆலோசனையில் உள்ளது. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கல்லெழுத்தையும் படமெடுத்து, ஆலிம்களைக் கொண்டு ஓதச் செய்து, பதிவேட்டில் எழுத வேண்டும் என்று முதவல்லி அவர்களிடம் கேட்டுக்கொண்டுள்ளோம். பழைய கட்டடத்தின் புகைப்படங்களோ வக்ஃபு ஆவணங்களோ வீட்டில் வைத்திருப்போர் அலுவலகத்தில் தந்துதவுங்கள். நகலெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.