கடலில் கைகொடுத்த சனங்கள்

எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லி வைக்க வேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது.

1986 ஆகஸ்ட் 11. கனடாவின் கிழக்கே நியூபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால், புகார் மூடிய கடல். யேர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் இறக்கிவிட்டுப் போக, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் எம்மவர் 155 பேர் நெருக்கியடித்துக்கொண்டு தத்தளித்தார்கள். அவர்களைக் கண்டவர் கஸ் டால்டன். அட்மிரல்ஸ் பீச் என்ற சின்னக் கிராமத்து மீனவர். அவரும் மற்ற மீனவர்களும் அத்தனை பேரையும் காப்பாற்றினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னது பொய் என்று தெரிந்ததும் கனடாவில் கனபேர் கோபப்பட்டார்கள். ஆனால் கடலில் கிடப்பவனை விசாரித்துவிட்டா தூக்குவது?

அதே தீவில் காண்டர் என்றொரு சிறுநகரம். 2001 செப்டம்பர் 11இல் அமெரிக்க வான்வெளி மூடப்பட, 38 பயணிகள் விமானங்கள் அங்கே இறங்கின. சுமார் 10,000 பேர் வாழ்ந்த ஊருக்கு 6,000க்கு மேற்பட்ட விருந்தாளிகள்! வேலைநிறுத்தத்தில் நின்ற பஸ் சாரதிகள் அதை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் படுக்கை இடங்களாகின. வீடுவீடாகச் சமைத்துக் கொடுத்தார்கள்.

இப்ப எங்களைப் பாருங்கோ. பிறகு வருகிற அகதியைப் பார்த்து, "இவை பொய் சொல்லி வருகினம்" என்று நாங்களே சொல்லுறம். அப்படிச் சொல்ல முன்னம் அந்த 155 பேரையும் ஒருக்கா நினையுங்கோ. முதலில் ஒரு நேரச் சாப்பாடு கொடுப்போம். மற்றதைப் பிறகு கதைக்கலாம்.