பசலையும் சோகையும்: லூசி வில்ஸின் குருதி ஆய்வுகள்

முன்னுரை

பெண்ணின் மேனி நிறம் வேறுபடுதலைத் தமிழ் அக இலக்கியம் மிகக் கூர்ந்து நோக்கியுள்ளது. பிரிந்தவளின் மேனியிற் படரும் பசலைக்கு வள்ளுவர் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அந்நோய்க்குப் பிரிவு காரணம். தலைவன் வரவு மருந்து. ஆயின், உணவின்மையால் குருதி குன்றி வெளுத்த பெண்மேனிக்குக் காரணமும் மருந்தும் தேடியவர் வரலாறு நம் மேடைகளில் மிகுதியும் பேசப்பட்டதில்லை. பத்தாம் ஆண்டு காணும் நம் வட்டத்தின் மலரில் அதனைச் சுருங்க எழுத முற்படுகிறேன்.

கல்வியும் பம்பாய் வரவும்

லூசி வில்ஸ் 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, பின்னர் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920இல் மருத்துவரானார். நோயாளரைப் பார்ப்பதினும் ஆய்வுக்கூடத்திலேயே அவர் மனம் ஈடுபட்டது. 1928இல் பம்பாய் வந்து ஹாஃப்கின் நிறுவனத்தில் பணி தொடங்கினார். கருவுற்ற பெண்களைக் கொன்றுவந்த கடுஞ்சோகையின் காரணம் அறிதலே அவர்க்கு இடப்பட்ட பணி.

நூலாலைகளில் உழைத்த பெண்களிடையே அந்நோய் மிகுந்திருந்தது. அவர்தம் குருதியை நுண்ணோக்கியில் நோக்கியபோது, செவ்வணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்தும் அளவிற் பெருத்தும் காணப்பட்டன. எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் உரியவாறு பிரிந்து முதிராமையே இதன் காரணம் என இன்று அறிவோம். வில்ஸ் கிருமியைத் தேடுவதோடு நில்லாமல், அப்பெண்களின் அடுக்களையையும் ஆராய்ந்தார். தல்பாடே என்பாருடன் அவர்தம் உணவையும் வாழ்நிலையையும் கணக்கெடுத்தார். மேத்தா என்பாருடன் எலிகளுக்கு அதே ஏழை உணவை அளித்துச் சோதித்தார். எலிகளுக்கும் சோகை கண்டது. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது.

ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மலிவான மார்மைட்டை அடுத்து நோயுற்ற பெண்களுக்குக் கொடுத்தார். அவர்தம் குருதி தேறியது. 1931இல் இம்முடிவு வெளியாயிற்று. வேறொரு வகைச் சோகையைத் தீர்த்த தூய்மையாக்கப்பட்ட ஈரல் சாறு இவர்களிடம் பயன்படாமை கண்டு, இங்கே குறைவது பிறிதொரு பொருள் என அவர் தெளிந்தார். பெயரறியா அப்பொருள் பின்னாளில் ‘வில்ஸ் காரணி’ எனப்பட்டது.

திருவல்லிக்கேணித் தொடர்பு

இவ்வாய்வு பம்பாயோடு நிற்கவில்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் வில்ஸ் பணியாற்றினார். மக்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என வழங்கும் இன்றைய அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையே அவ்விடம்.

அதே திருவல்லிக்கேணியின் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருளுக்கு, இலை எனப் பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். வில்ஸ் தேடிய காரணி அதுவே. 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவை வழிநடத்தியவர் சுப்பாராவ். ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் அதே கூடத்தில் உருவாயிற்று. 1948இல் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை அதனால் தற்காலிகமாகவேனும் தணித்துக் காட்டினார். அவ்வாண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். ஒருவர் குறையை நிரப்பினார். மற்றவர் அக்குறையையே நோய்க்கெதிரான கருவியாக்க வழிகோலினார்.

ஆய்வின் பயன்

வில்ஸ் 1964இல் மறைந்தார். முன்னர் நரம்புக்குழல் குறையுடைய குழந்தையைப் பெற்ற தாய்மார்க்கு ஃபோலிக் அமிலம் அளிப்பின், அக்குறை மீண்டும் வருவது நான்கில் மூன்று பங்களவு குறையும் என 1991இல் பிரித்தானிய ஆய்வு நிறுவியது. இந்தியாவில் 1970 முதல் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமில மாத்திரையும் கருவுற்றார்க்கு அரசால் வழங்கப்படுகிறது. நம் ஊரப்பாக்கத்துப் பெண்ணொருத்தி பெறும் மாத்திரைக்குப் பின்னால் இவ்வளவு நெடிய கதை உண்டு. எனினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர் சோகையுற்றவரே. மருந்து கிடைத்தபின்னும் தட்டு நிறையவில்லை என்பதே இதன் பொருள்.

முடிவுரை

வில்ஸின் பெயரும் சுப்பாராவின் பெயரும் அறிவியல் நூல்களில் ஓரளவேனும் நிலைத்துள்ளன. தம் குருதியை ஆய்வுக்கு ஈந்த பம்பாய் ஆலைப் பெண்களின் பெயர்கள் பொதுநினைவில் இல்லை. தலைவியின் பெயரைச் சுட்டாமலே அவள் துயரை ஈராயிரம் ஆண்டு நிலைபெறச் செய்தது நம் அக மரபு. அம்மரபில் வந்த நம் வட்டத்துக் கவிஞர்கள், பசலையைப் பாடிய தமிழால் சோகையையும் பாடுதல் வேண்டும். அடுத்த மலர் வெளிவருமுன் அத்தகைய கவிதை ஒன்றேனும் நம் அரங்கில் ஒலிக்குமாயின் இக்கட்டுரை பயன் பெற்றதாகும்.