இனிஷியல்

1978இல் திருச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். வீடு ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டிச் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்குவேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சேர்க்கைப் பதிவேடு என் மேஜைக்கு வந்தது. மாணவர் பெயருக்கு அடுத்த கட்டம், ‘தந்தை பெயர்’.

முதல் ஜூனிலேயே ஒருத்தி பையனோடு வந்து நின்றாள். காந்தி மார்க்கெட் மண்டிகளில் சிந்திய வெங்காயத்தைப் பொறுக்கி, கூறு கட்டி விற்பவள். இரவில் கடை வாசல்களில் படுக்கை. அப்பா பெயர் கேட்டேன். “ஏதாவது ஒரு பேரு எழுதிக்குங்க டீச்சர்” என்றாள். மேலே இருந்தவர்கள், “இனிஷியல் இல்லாம எப்படிம்மா? விசாரிச்சிட்டு அடுத்த வாரம் வா” என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

சில வருஷம் கழித்துத் தேர்வுக் கண்காணிப்புக்குப் போன இடத்தில், பெயர்ப் பட்டியலில் ‘ஈ.வெ.ரா.ம.’ என்ற இனிஷியல் இரண்டு மூன்று பேருக்கு இருந்தது. “எல்லாம் ஒரே குடும்பமா?” என்றேன். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். “ஆமாம், பெரியார் மாளிகைக் குடும்பம்.”

புத்தூர் பெரியார் மாளிகையைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே பிள்ளைகள் வளர்வது தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் காதில் விழுந்தால் பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவாள். பிறகுதான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். 1959இல் தொடங்கியது நாகம்மையார் குழந்தைகள் இல்லம். நாகம்மையார் பெரியாரின் முதல் மனைவி. அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்து மாதத்தில் போய்விட்டது. அவரும் 1933இல் காலமானார். அவர் பெயரில் அமைந்த வீட்டில் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர் மணியம்மையார். 1949இல் பெரியார் அவரை மணந்தபோது கட்சியே பிளந்தது. அந்தச் செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. அத்தனை புயலுக்குக் காரணமான பெயரின் முதல் எழுத்துதான், பெற்றவர் யாரென்று தெரியாத பிள்ளைகளின் இனிஷியலில் கடைசியாக வந்து உட்கார்ந்த ‘ம’.

இதில் ஒரு கணக்கும் நேராகிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பட்டம் உதிர உதிர, பெயருக்கு முன்னால் நிற்கும் அப்பாவின் எழுத்துக்குக் கனம் கூடியது. அது இல்லாத பிள்ளை பள்ளிக்கூட வாசலில் நின்றது. பட்டத்தை விடச் சொன்ன ஈ.வெ.ரா. பெரியாரே தன் எழுத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

ஆதரவற்ற பிள்ளைகள் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1762இல் இங்கே வந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியார், வெடிமருந்துக் கிடங்கு வெடித்து அநாதையான பிள்ளைகளுக்காகப் பள்ளி வைத்தார். இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் வந்ததும் நம் சென்னை மாகாணத்தில்தான், 1920இல். சோறும் கூரையும் கிடைக்க அப்படி வழிகள் இருந்தன. ஆனால் பதிவேட்டுக் கட்டம் அப்படியே இருந்தது.

தாய்க்குத் துணை என்றால் இங்கே மலைக்கோட்டையைத்தான் சொல்வார்கள். காவிரியில் வெள்ளம், பிரசவத்துக்கு வரவேண்டிய அம்மா அக்கரையில் தவிக்க, சிவனே அவள் வடிவில் வந்து ரத்னாவதிக்குப் பேறு பார்த்தார், அதனால் தாயுமானவர். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் செலுத்துவார்கள். நாங்கள் வைஷ்ணவர்கள், சிவன் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத தெரு. இருந்தும் என் அம்மாவின் பிரசவத்துக்கு ஒரு தார் மலை ஏறியிருக்கிறது. அனுப்பியவள் அதே பாட்டி. பதினாலு வயதில் தாலி இழந்து, ஒரு குழந்தையோடு பிறந்த வீடு திரும்பியவள். எந்தக் கதவு திறக்கும் என்று பார்த்தாளே தவிர, யார் வீட்டுக் கதவு என்று பார்க்கவில்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. அப்பா உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராகலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1999இல். மணமாகாத தாய், தந்தை பெயரைச் சொல்லாமலே காப்பாளராகலாம் என்றது 2015இல்.

நான் ஓய்வு பெற்றது 2012இல். அதற்கு முந்தைய ஜூனில் ஒருத்தி பெண் குழந்தையோடு வந்தாள். ஜங்ஷன் பக்கம் பூ கட்டுகிறவள். கட்டத்தைப் பார்த்தேன். “அப்பா பேர் என்ன?” என்று கேட்டே பழகிய வாய். இந்தத் தடவை, “யார் பேரம்மா எழுதணும்?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் பெயரைச் சொன்னாள். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, “என் பேரு அவ்வளவு சின்னதா டீச்சர்?” என்றாள்.

“முதல் எழுத்து போதும்மா” என்றேன்.