நிலவறையில் ஒரு கடல்: உப்புநீர் மீன்தொட்டிச் சுழற்சியின் வரலாறு

கடல்நீர் மீன்தொட்டிகளின் வரலாறு பெரும்பாலும் மீன்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருப்பினும், அவ்வுயிர்களைப் பிழைக்க வைத்தவை தொட்டிகளுக்குக் கீழும் பின்னும் மறைந்திருந்த குழாய்களும் தேக்கங்களுமே ஆகும். பவளத்தொட்டி வைத்திருப்போர் இன்று அதன் அடிப்பெட்டிக்குள் ‘சம்ப்’ எனப்படும் துணைத்தொட்டியை அமைத்து, ஏரியின் கலிங்கைப் போல மேல்விளிம்பில் வழியும் நீரைக் குழாய்வழி அதில் இறக்கி, தூய்மைப்படுத்தி, மோட்டாரால் மீண்டும் மேலேற்றுகின்றனர். இதன் கருத்து விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் முளைத்ததாகும்.

1846இல் டார்க்கி கடற்கரையிலிருந்து கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்த ஆனா தின் என்னும் பெண்மணி, நீரில் உயிர்வளி கலக்க வேண்டுமென்று, பணிப்பெண் ஒருத்தியைத் திறந்த சன்னலருகே நிறுத்தி, கடல்நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் நாள்தோறும் நெடுநேரம் ஆற்றச் செய்தார். இத்துறையின் முதல் மோட்டார் அவளுடைய கைகளே எனலாம். 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர், செடிகள் வெளியிடும் உயிர்வளியும் விலங்குகளின் கழிவும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமாயின் நீரை மாற்றாமலே தொட்டியைக் காக்கலாம் என்று காட்டினார். 1853இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் திறக்கப்பட்ட மீன்மாளிகை பெரும்புகழ் பெற்றதெனினும், கண்ணாடிக் கூரைவழி பாய்ந்த மிகுவெளிச்சம் நீரைச் சூடாக்கிப் பாசி பிடிக்கச் செய்தது.

இக்குறையை ஆராய்ந்து மாற்று வழி கண்டவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு. புத்தகக் கட்டுத்தொழிலிலிருந்து மீன்தொட்டி வணிகத்துக்கு வந்த அவர், பாரிஸ் (1861), ஹாம்பர்க் (1864) காட்சியகங்களில் பெற்ற பட்டறிவைக் கொண்டு, 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் தம் கொள்கையை முழுமையாக நிறுவினார். அங்கிருந்த சுமார் 1,20,000 கேலன் கடல்நீரில் பெரும்பங்கு பார்வையாளர் கண்ணில் படவே இல்லை. காட்சித்தொட்டிகளின் கொள்ளளவைப் பன்மடங்கு விஞ்சிய இருண்ட நிலவறைத் தேக்கத்தில் அது கிடந்தது. ஒளி புகாததால் பாசி வளரவில்லை, மண்ணுக்கடியில் இருந்ததால் வெப்பம் ஏறவில்லை, அளவு மிகுந்திருந்ததால் ஒரு தொட்டியில் நேர்ந்த மாசு நீர்த்துப் போயிற்று. நீராவி எந்திரம் இரவும் பகலும் நீரை மேலேற்ற, அது காற்றையும் இழுத்துக்கொண்டு தொட்டிகளில் பாய்ந்து, மீண்டும் தேக்கத்துக்கு இறங்கியது. ஆவியாகும் அளவுக்கு நன்னீர் சேர்த்தால் போதும், கடல்நீரை மாற்ற வேண்டியதில்லை. உப்புநீர் உலோகத்தை அரிக்கும் என்பதாலும், கரையும் செம்பு முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும் என்பதாலும், எந்திரவகைக்கும் குழாய்க்கும் வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், பயன்பட்டது. பின்னாளில் பிவிசி குழாய் ஏற்ற பணியை அன்று ஏற்றது இப்பொருளே. விலங்கியலர் ஆன்டன் டோர்ன் இத்தாலியின் நேப்பிள்ஸில் நிறுவி 1874இல் மக்களுக்குத் திறந்த ஆய்வுநிலையக் காட்சியகத்துக்கும் லாய்டின் அறிவுரை துணை நின்றது.

வீட்டுத்தொட்டிகளுக்கு இம்முறை வந்துசேர ஒரு நூற்றாண்டு பிடித்தது. தொட்டிக்கடியில் வடிகட்டியை மறைத்து வைக்கும் ஐரோப்பிய அமைப்பை ஜார்ஜ் ஸ்மிட் 1986இல் எழுதிய கட்டுரைகள் அமெரிக்கரிடையே பரப்பின. ஆயினும் வரும் வழியில் லாய்டின் விகிதம் தலைகீழாயிற்று. சம்ப் பெரும்பாலும் காட்சித்தொட்டியைவிடச் சிறியதாகவே அமைந்ததால், பெரும் நீரளவு தந்த பாதுகாப்பை வடிகட்டிகளும், கழிவை நுரையாக்கி அகற்றும் நுரைபிரிப்பானும் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. புதிய கணக்கொன்றும் அதனோடு தோன்றியது. மின்சாரம் நின்றவுடன் வழிவிளிம்புக்கு மேலுள்ள நீரும் குழாய்களில் உள்ள நீரும் சம்பில் வந்து விழும்; போதாக்குறைக்கு மேலேற்றும் குழாயே எதிர்த்திசையில் உறிஞ்சத் தொடங்கும். இந்நீரனைத்தும் அடங்கும் வெற்றிடத்தைச் சம்பில் விட்டுவைப்பதும், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அக்குழாயில் சிறுதுளையிட்டுக் காற்று புகச்செய்து உறிஞ்சலை அறுப்பதும் வழக்கமாயின. ஒருவழி வால்வு இருந்தாலும், சுண்ணப்படிவும் அழுக்கும் சேர்ந்தால் அது முழுதாக மூடாது என்பதால், அதை மட்டும் நம்பியிருப்பது பாதுகாப்பன்று.