முட்டை சேகரிப்போரும் வல்லூறும்

பாதிரிமார்களும் ஓய்வுபெற்ற படை அதிகாரிகளும் பள்ளிச் சிறுவர்களும் ஒருங்கே மோகங்கொண்டிருந்த ஒரு வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தது. செங்குத்தான கடலோரப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கிப் பறவைகளின் முட்டைகளைக் கவர்ந்துவந்து, ஓட்டில் சிறு துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, வெற்றோடுகளை இழுப்பறைகளில் வரிசையாக அடுக்கிவைப்பதே அது. அபூர்வமான பறவையின் முட்டைக்கே மதிப்பு மிகுதியாதலால், அருகிவந்த இனங்களே மேன்மேலும் சூறையாடப்பட்டன. எந்தச் சமாதானத்தாலும் இக்கொடுமையை நியாயப்படுத்த இயலாது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுப்பதைக் குற்றமாக்கியது முற்றிலும் தகும். ஆயினும், எடுத்த நாளையும் இடத்தையும் அட்டையில் குறித்துவைக்கும் நல்ல பழக்கம் ஒன்று முட்டை சேகரிப்போரிடம் இருந்தது.

பெரெக்ரின் வல்லூறுகள் பெருகித் தங்கள் புறாக்களைக் கொன்று தின்பதாகப் பந்தயப் புறா வளர்ப்போர் முறையிட்டதன் பேரில், 1961ஆம் ஆண்டு டெரெக் ராட்கிளிஃப் என்னும் விஞ்ஞானியின் பொறுப்பில் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. தெரியவந்ததோ நேர்மாறு: வல்லூறுகள் அருகிக்கொண்டிருந்தன, கூடுகளில் உடைந்த முட்டைகள் கிடந்தன. ஓடு மெலிந்துவிட்டதோ என ஐயங்கொண்ட ராட்கிளிஃப், பழைய முட்டைச் சேகரிப்புகளை நாடி, ஓட்டின் எடையை அதன் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிவந்த தொகையால் வகுத்து, ஓட்டை உடைக்காமலே அதன் கனத்தை மதிப்பிடும் உபாயத்தைக் கையாண்டார். பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய மாறாதிருந்த அந்த அளவு, 1947ஆம் ஆண்டை ஒட்டித் திடீரெனச் சரிந்து, வல்லூறு முட்டைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததை அவர் 1967இல் வெளியிட்டார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி மருந்து வயல்களில் புகுந்த காலம் அது.

முட்டையோடு உருவாகும் விதத்தை அறிந்தாலன்றி இச்சரிவின் காரணம் விளங்காது. கோழியின் உடலில், முட்டை ஓட்டுச் சுரப்பியில் தங்கும் ஏறக்குறைய இருபது மணி நேரத்தில், இரத்தத்திலிருந்து வரும் கால்சியம், சவ்வின் மேலுள்ள நுண்ணிய புரதக் குமிழ்களில் முதலில் படிகிறது. உருவமற்ற துகளாகப் படியும் சுண்ணாம்பு பின்னர்ப் படிகமாக மாறுகையில், எத்திசையில் வளரவேண்டும், எவ்வளவு நுண்மையாக அமையவேண்டும் என்பவற்றை, ஓட்டின் எடையில் மிகச் சிறிய பங்கே வகிக்கும் புரதங்கள் நெறிப்படுத்துகின்றன. கனடாவின் மாக்ஸ்வெல் ஹின்கே முதலானோர் 1995இல் விவரித்த ஓவோக்ளைடின்-17 அவற்றுள் ஒன்று. எலும்பிலும் காணப்படும் ஆஸ்டியோபான்டின் மற்றொன்று. டி.டி.டி. சிதைவதால் உண்டாகும் டி.டி.ஈ. என்னும் பொருள் வல்லூறுகளின் ஓட்டுச் சுரப்பியில் கால்சியம் கடந்துசெல்வதைத் தடுத்தது. புரதங்கள் ஒழுங்குபடுத்துவதற்கு உரிய சுண்ணாம்பே குறைந்துபோயிற்று. அடைகாக்கும் தாயின் பாரத்தையே தாங்காத ஓடு பிறந்தது இவ்வாறுதான்.

1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைப் பெரும்பாலும் தடைசெய்தது. பிற நாடுகளும் பின்தொடர, வல்லூறுகள் மெல்ல மீண்டன. அவற்றின் முட்டையோடு எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்று அளக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு, 1947க்கு முன் அட்டையுடன் வைக்கப்பட்ட அவ்வோடுகளின் கனமே அளவுகோலாயிற்று. நாளும் இடமும் குறிக்கப்படாதவை இதற்கு உதவவில்லை.