வசையும் வழிபாடும்: ஃபோல்சம் வீதியிலிருந்து படுவான்கரை வரை

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருவிழா நடைபெறுகிறது. ஃபோல்சம் வீதிச் சந்தை என்பது அதன் பெயர். கறுப்புத் தோலாடையும் வார்களும் சங்கிலிகளும் அணிந்த ஆண்களும் பெண்களும் பட்டப்பகலில் வீதியை நிறைத்து நிற்பார்கள். கட்டுதல், அடித்தல், அடக்குதல், அடங்குதல் என்பவற்றைப் பரஸ்பர சம்மதத்தோடு பாலியல் இன்பமாகக் கொள்பவர்கள் அவர்கள். படங்களைப் பார்க்கும் நம்மவர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். அல்லது 'மேனாட்டுச் சீரழிவு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவர். அந்தச் சொல்லோடு விடயம் முடிந்துவிடுவதில்லை என்பதே என் எண்ணம். வரலாற்றைச் சற்றே கிளறினால் அந்த வீதியிலிருந்து நமது மட்டக்களப்பு வாவிக்கரைக்கு ஒரு வழி தெரிகிறது.

அந்த விழா தொடங்கிய ஆண்டு 1984. காமக் களியாட்டத்துக்காக அது தொடங்கப்படவில்லை. சந்தை வீதிக்குத் தெற்கே இருந்த அந்தப் பகுதி, ஓய்வுபெற்ற தொழிலாளரும் பிலிப்பினோக் குடும்பங்களும் குறைந்த வாடகை அறைகளில் வாழ்ந்த இடம். களஞ்சியங்களும் பட்டறைகளும் நிறைந்திருந்த அதே தெருக்களில் தோலாடைக்காரரின் மதுச்சாலைகளும் இருந்தன. 1964இல் லைஃப் சஞ்சிகை அங்கிருந்த ஒரு மதுச்சாலையின் சுவரோவியத்தைப் படம்பிடித்து வெளியிட்டபோதுதான் அமெரிக்காவின் பெரும்பான்மையோர் இப்படி ஓர் உலகம் இருப்பதை அறிந்தனர். நகர நிர்வாகமோ 'மறுநிர்மாணம்' என்ற பெயரால் அப்பகுதியை இடித்துப் பெருங்கட்டடங்களை எழுப்ப முனைந்தது. இங்கே மனிதர் வாழ்கிறார்கள், இது வெறும் பாழ்நிலம் அன்று என்று காட்டுவதற்காகக் கத்லீன் கொனெல், மைக்கேல் வலேரியோ என்னும் இரு சமூகச் செயற்பாட்டாளர்கள் ஒழுங்குசெய்த அயலவர் விழாவே அது. முதல் ஆண்டில் அதற்கு 'மெகாஹூட்' என்று பெயர்.

இன்னொரு காரணமும் இருந்தது. 1981 ஜூன் மாதத்தில் எய்ட்ஸ் நோய் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் அந்தத் தெருக்களில் வாழ்ந்த இளைஞர்கள் வரிசையாக இறந்துகொண்டிருந்தார்கள். மருந்து இல்லை. அரசு வாய் திறக்கவில்லை. இறந்தவனின் பெற்றோரே உடலை ஏற்க மறுத்த கதைகள் உண்டு. அந்தச் சாவுக் காலத்தில்தான் வீதியை மறித்து விழா எடுத்தார்கள்; நோயாளருக்கு நிதி திரட்டினார்கள்; நோய் தொற்றாமல் காத்துக்கொள்ளும் முறைகளை வெளிப்படையாகப் பேசினார்கள். கொள்ளைநோய் வந்தபோது ஒரு சமூகம் தெருவுக்கு வந்து, தன் உடலைப் பற்றி, பிறர் சொல்லக் கூசுவதை உரக்கச் சொன்னது.

இந்த வாக்கியத்தை எழுதியவுடன் எனக்கு நினைவுக்கு வருவது கண்ணகை அம்மன்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். செட்டிபாளையம், வந்தாறுமூலை, மகிழடித்தீவு, தெற்கே காரைதீவு, தம்பிலுவில் என்று அந்த வரிசை நீளும். கண்ணகி வழக்குரை ஓதப்படும். இறுதியில் குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் வெம்மையைத் தணிக்கும் சடங்கு அது. அம்மன் சினந்தால் மழை பொய்க்கும், அம்மை வரும். குளிர்ந்தால் வயல் விளையும், நோய் அகலும். வைசூரி உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். அதற்கு முன் எத்தனையோ தலைமுறைகள் அந்த நோய்க்கு எதிராக இந்த வழிபாட்டையே நம்பியிருந்தன.

இந்த வழிபாட்டோடு இணைந்ததுதான் கொம்பு விளையாட்டு. கொம்புமுறி என்றும் சொல்வர். ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். (சேரி என்பதற்கு இன்றைய பொருளை இங்கே கொள்ளக் கூடாது, கட்சி என்று கொள்க.) எந்தச் சேரி என்பது பிறப்பால் வருவது. கோவலனும் கண்ணகியும் மரத்தில் பூப்பறிக்கையில் அவர்களுடைய கொக்கத்தடிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன என்றும், இழுபறியில் கண்ணகியே வென்றாள் என்றும் கதை. அந்த இழுபறியை ஊரே நிகழ்த்தும். முதலில் போர்த்தேங்காய் அடிப்பர். பின்னர் வைரம்பாய்ந்த இரு வளைந்த கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி, இரு பக்கமும் இழுப்பர். ஒன்று முறியும். முறிந்த சேரி தோற்றது. வென்றவர் ஆடிப்பாடி வருவர். அப்போது தோற்றவர் மீது வசை பொழிவர்.

அந்த வசை சாதாரண ஏச்சு அன்று. உடலுறுப்புகளையும் புணர்ச்சியையும் வெளிப்படையாகச் சொல்லும் பாட்டு. மற்ற நாளில் சொன்னால் கத்திக்குத்தில் முடியக்கூடிய சொற்களை அன்று மைத்துனன் மைத்துனனைப் பார்த்துப் பாடுவான். தோற்றவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். அம்மன் குளிர்வாள் என்பது நம்பிக்கை.

சிங்கள ஊர்களில் இதே விளையாட்டுக்கு அங்கெலிய என்று பெயர். அங்கே கண்ணகி, பத்தினித் தெய்யோ. மேல்கட்சி, கீழ்க்கட்சி என்ற பிரிவு, கொம்பு, வசை எல்லாம் உண்டு. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர பத்தினி வழிபாடு பற்றி எழுதிய பெருநூலில் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். கொம்பு முறிதலை ஆண்மை இழப்பு பற்றிய அச்சத்தின் வெளிப்பாடாக அவர் விளக்குகிறார். உளப்பகுப்பாய்வு முறையை எல்லா இடங்களிலும் பொருத்திப் பார்ப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆயினும், அவமானப்படுதலும் அவமானப்படுத்துதலும் ஒரு சடங்காக, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதிகளுக்குள், இரு தரப்பின் இசைவோடு நடக்கின்றன என்பதை அவர் கண்டுகொண்டார். அந்நூல் சிகாகோவில் வெளியான ஆண்டும் 1984 என்பது தற்செயல்தான்.

கடலுக்கு அப்பால் கொடுங்கல்லூரையும் நினைவுகூரலாம். அங்குள்ள பகவதியைக் கண்ணகி என்றே மரபு சொல்கிறது. மீன மாதத்துப் பரணி விழாவில் பக்தர்கள் தெய்வத்தின் முன்னிலையில் பாடும் பாடல்களைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளாத கனவான்கள் இல்லை. சீர்திருத்தக்காரர் பலமுறை எதிர்த்தும் பாட்டு நிற்கவில்லை.

கொம்பு விளையாட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய வருணனைகளுள் ஒன்று ஒரு கைதியினுடையது. ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், மட்டக்களப்புக்கு வடக்கே கொட்டியாரக் குடாவில் 1660இல் தந்தையுடன் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்தவர். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில் இந்த விளையாட்டு வருகிறது. பத்தினிக்குரிய பலி இது, நாட்டை நோயிலிருந்து காப்பது என்று மக்கள் நம்பியதை அவர் சரியாகவே குறித்துக்கொண்டார். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, பெண்கள் காணாத இடத்தில் நடந்தது என்கிறார். கொக்கிகளை மாட்டி இழுப்பதை விவரிக்கிறார். ஆனால் வென்றவர்கள் சொன்ன சொற்களுக்கும் காட்டிய அசைவுகளுக்கும் வந்தவுடன் பேனாவை மூடிவிடுகிறார். செய்தவர்களுக்கு அது வெட்கம், எழுதினால் தமக்கு வெட்கம் என்பது அவர் நியாயம்.

நொக்ஸ் இன்னொரு செய்தியையும் தருகிறார். பத்திரிகைக்காரனாகிய எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. இரண்டாம் இராசசிங்க மன்னன் தானே ஒரு காலத்தில் இந்த விளையாட்டில் கலந்துகொண்டவன். பிற்காலத்தில் அதைத் தடைசெய்து, மீறினால் தண்டப்பணம் என்று விதித்தான். விளையாட்டு எங்கும் நின்றுபோயிற்று. கம்பளை ஊரவர்களுக்கு ஆசை விடவில்லை, மறுபடியும் ஆடிவிட்டார்கள். செய்தி மன்னனின் காதுக்குப் போயிற்று. தண்டம் வசூலிக்க ஒரு பிரதானியை அனுப்பினான். கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்று அந்தப் பிரதானிக்குத் தெரியும். வேறு வேலைக்கு அழைப்பதாகப் பாசாங்கு செய்து, தந்திரத்தால் அவர்களைப் பிடித்தான். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தெருவிழாவுக்காக அரச ஆணையை மீறிய அந்தக் கம்பளை மக்களில் ஒருவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாடிய பாட்டும் கிடைக்கவில்லை.

நொக்ஸ் மூடிய பேனாவை நாமும் திறக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இல்லாவிட்டால் கொம்பு விளையாட்டைப் பற்றி நாம் அறிந்ததில் பாதிகூட மிஞ்சியிராது. அந்தப் பெருமகனுக்குக் கிழக்கிலங்கை என்றும் கடன்பட்டது. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் கொம்பை எழுதினார்கள், கயிற்றை எழுதினார்கள், வசைக்கு வந்தவுடன் 'நாகரிகமற்ற சில பாடல்கள்' என்று ஒரு வரியில் கடந்து போனார்கள். நான் வேலை பார்த்த ஒரு நாளிதழுக்கு நானே இவ்விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். வசை என்ற சொல் வந்த இரண்டு பந்திகளும் அச்சில் இல்லை. ஒரு பாட்டைக்கூட நான் மேற்கோள் காட்டியிருக்கவில்லை. அப்படி ஒன்று இருந்தது என்ற தகவலே வாசகருக்கு ஆகாது என்று தீர்மானித்திருந்தார்கள்.

அந்தக் கட்டுரைக்காகப் படுவான்கரையில் ஒரு முதியவரைக் கண்டேன். வென்ற சேரியிலும் தோற்ற சேரியிலும் நின்று பாடியும் கேட்டும் பழகியவர். பாட்டுகளைச் சொல்லும்படி கேட்டேன். சிரித்தார். "மனே, அது அம்மாளுக்குப் பாடினதுகா. மறுகா அதப் பேப்பரில போடுறதா?" என்றார். நொக்ஸின் வெட்கத்துக்கும் இவருடைய மறுப்புக்கும் இடையே பெரும் தூரம் இருக்கிறது. அவருக்கு அந்தச் சொற்கள் அசிங்கம் அல்ல. அவற்றுக்கென்று ஒரு நாள் உண்டு, ஓர் இடம் உண்டு, கேட்கிற ஒருத்தி உண்டு. அதற்கு வெளியே அவை செல்லாது. நான் வற்புறுத்தவில்லை. அவர் இன்று இல்லை.

இரண்டு விழாக்களும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. ஃபோல்சம் வீதிக்கு வருபவர் தம் சொந்த விருப்பத்தை அணிந்துகொண்டு வருகிறார். ஆண்டின் மற்ற நாட்களிலும் அவர் அவரேதான். கொம்பு விளையாட்டில் வசை பாடியவன் மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனான். அவனுடைய ஆசை என்ன என்று எவரும் கேட்கவில்லை. ஆசையால் வேறுபட்டவனுக்கு நம் ஊரில் அந்த ஒரு நாளும் இடம் தந்ததில்லை. அவனுக்கு 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவுதான் இருந்தது. அதை நீக்கும் ஒரு சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அன்று என இலங்கை உயர் நீதிமன்றம் கூறியது 2023இல்தான்.

தோல் என்ற பொருளைக் கொண்டும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் சைக்கிள் கழகங்களில் திரண்ட அமெரிக்க ஆண்களுக்குத் தோலாடை வீரத்தின் அடையாளமாயிற்று. பெண்மை பூசி எள்ளப்பட்டவர்கள் அதையே கவசமாக எடுத்துக்கொண்டார்கள். நம் மண்ணில் தோலைத் தொட்டவன் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். அம்மன் சடங்குக்குப் பறைமேளம் வேண்டும். அடிப்பவன் மட்டும் உள்ளே வரக் கூடாது. அக்கரைப்பற்றுப் பகுதிப் பறைமேளக் கலைஞர்களைப் பற்றி டெனிஸ் மக்கில்வ்ரே 1983இல் எழுதிய கட்டுரையை வாசிப்போருக்கு இந்த முரண் விளங்கும். இழிவு வேண்டாம் என்று பறையைக் கைவிட்ட இளைஞரைக் குறைகூற எனக்கு வாய் இல்லை. பெருமை என்று அதை மீண்டும் எடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோ தன் கதையைச் சேமித்து வைத்திருக்கிறது. கெயில் ரூபின் என்ற மானிடவியலாளர் அந்தத் தெருக்களின் வரலாற்றை ஆண்டுக்கணக்கில் திரட்டி எழுதினார். 1991இல் சிகாகோ நகரில் தோலாடையினருக்கென்றே ஓர் ஆவணக்காப்பகமும் அருங்காட்சியகமும் நிறுவப்பட்டன. எய்ட்ஸால் இறந்தவரின் அறையைச் சுத்தம்செய்ய வரும் உறவினர் குப்பையில் எறிந்துவிடக்கூடிய கடிதங்களையும் உடைகளையும் காப்பாற்றி வைப்பதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. மறுநிர்மாணம் விழுங்க முனைந்த அப்பகுதியின் ஒரு பாகத்தை 2018இல் நகர நிர்வாகமே பண்பாட்டு வலயமாக அறிவித்தது.

போர்க் காலத்துக்குப் பின் வாவிக்கரையில் சில ஊர்களில் கொம்புமுறி மீண்டும் நடத்தப்படுகிறது. மகிழ்ச்சி. கொம்பு கட்டவும் கயிறு திரிக்கவும் தெரிந்த சிலர் இன்னும் இருக்கிறார்கள். வடசேரி யார், தென்சேரி யார் என்பதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கிறது. ஒலிபெருக்கியில் வருணனை உண்டு, பிரதம விருந்தினர் உண்டு, பொன்னாடையும் உண்டு. தோற்ற சேரிக்குப் பாட்டுப் பாடுவது யார் என்று அங்கே போய்வரும் நண்பர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டு மனத்தில் உள்ள முதியவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், கனடாவிலோ சுவிஸிலோ இருந்தாலும் சரி, அவரோடு ஒரு நாள் உட்காருங்கள். அச்சிட வேண்டாம்; அவர் அனுமதித்தால் ஒலிப்பதிவு செய்து வையுங்கள். அனுமதிக்காவிட்டால் ஏன் என்று அவர் சொல்லும் காரணத்தையாவது எழுதி வையுங்கள்.