நுரையீரலுக்குள் காற்று செல்லும் இடங்களைக் காட்டும் செனான் எம்.ஆர்.ஐ. பரிசோதனை

ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதும் பரிசோதனை, நுரையீரலிலிருந்து எவ்வளவு காற்று, எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதை அளக்கிறது. ஆனால் அது இரு நுரையீரல்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும் மொத்தக் கணக்கு. எந்தப் பகுதிக்குக் காற்று செல்லவில்லை என்பதை அது காட்டாது. அதைப் படமாகக் காட்டுவது செனான் எம்.ஆர்.ஐ. பரிசோதனையாகும்.

இது எவ்வாறு செயல்படுகிறது?

வழக்கமான எம்.ஆர்.ஐ. கருவி, உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் சமிக்ஞைகளைக் கொண்டு படம் எடுக்கிறது. நுரையீரலில் பெரும்பகுதி காற்றே என்பதால் அது இருளாகத் தெரியும். எனவே செனான்-129 வாயுவின் அணுக்களை லேசர் ஒளியின் உதவியால் ஒழுங்குபடுத்தி, அவற்றின் சமிக்ஞையைப் பல ஆயிரம் மடங்கு உயர்த்துகின்றனர். இவ்வாயுவை உள்ளிழுத்தபின் எடுக்கும் படத்தில், காற்று சென்ற பகுதிகள் ஒளிர்கின்றன. செல்லாத பகுதிகள் கருமையாக உள்ளன.

யாருக்குப் பயன்படும்?

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் போன்றவற்றில் காற்றோட்டக் குறைவுள்ள பகுதிகளை அறியவும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடவும் இது உதவும். கோவிட் தொற்றுக்குப் பின் மூச்சுத்திணறல் நீடித்த சிலருக்கு, சி.டி. ஸ்கேன் இயல்பாக இருந்தபோதும், நுரையீரலிலிருந்து இரத்தத்திற்கு வாயு செல்வதில் குறைபாடு இருந்ததை பிரிட்டன் ஆய்வாளர்கள் இம்முறையால் கண்டறிந்தனர்.

பரிசோதனையின்போது

ஒரு பையிலுள்ள வாயுவை வாய்வழியே உள்ளிழுத்து, சுமார் 10 முதல் 15 விநாடிகள் மூச்சை அடக்க வேண்டும். எக்ஸ்-கதிர் பயன்படுத்தப்படுவதில்லை. தலைச்சுற்றல், தலைவலி, தொண்டை வலி ஏற்படலாம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சற்று நேரம் குறையக்கூடும் என்பதால், அது தொடர்ந்து கண்காணிக்கப்படும். உடலில் பேஸ்மேக்கர், உலோகப் பொருத்துகள் இருந்தாலோ, நீங்கள் கருவுற்றிருந்தாலோ முன்னதாகவே தெரிவிக்கவும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• நுரையீரல் காற்றோட்டத்தை ஆராய, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு இவ்வாயுவைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது.

• வாயுவைத் தயாரிக்கத் தனிக்கருவி தேவை. ஆகவே சில மையங்களில் மட்டுமே இவ்வசதி உண்டு. இது இல்லாததால் உங்கள் சிகிச்சை குறைவுடையதாகிவிடாது. ஸ்பைரோமெட்ரி, எக்ஸ்-ரே, சி.டி. ஆகியவையே இன்றும் முதன்மையான பரிசோதனைகள்.

• பரிசோதனை முடிவுகள் இயல்பாக இருந்தும் மூச்சுத்திணறல் நீடித்தால், அதை வெறும் மனக்கவலை என்று ஒதுக்கிவிடாமல் நுரையீரல் மருத்துவரை மீண்டும் அணுகவும்.

• பேச இயலாத அளவு மூச்சுத்திணறலோ, உதடுகளில் நீலநிறமோ தோன்றினால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும்.